அஞ்சறைப் பெட்டி முதல் பரண் வரை: மசாலா சாமான்களை வைத்துக்கொள்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பில் புதுக் குடித்தனம் வருகிறவர்கள் பால்காரர் எண்ணை வாங்கிக்கொண்ட கையோடு என்னிடம் கேட்பது இதைத்தான். மிளகாய்த்தூளை எதில் போட்டு வைப்பது, மல்லியில் வண்டு வந்துவிட்டதே, மாமியார் கொடுத்துவிட்ட மூன்று கிலோ சாம்பார் பொடியை எங்கே வைப்பது. விருதுநகர்ப் பக்கம் வருஷத்துக்கு ஒருமுறை வற்றல் வாங்கிக் குவிக்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். இருபது வருஷமாகச் சென்னையில் தீப்பெட்டி மாதிரி ஒரு சமையலறையில் காலம் தள்ளுகிறேன். இரண்டு இடத்திலும் பட்ட பாடுதான் கீழே உள்ள பதில்கள்.

அஞ்சறைப் பெட்டியில் எதையெல்லாம் வைக்க வேண்டும்?

எண்ணெய் காய்ந்து கடுகு வெடிக்கிற அந்த அரை நிமிஷத்தில் கைக்கு என்னவெல்லாம் வேண்டுமோ, அதையெல்லாம். எங்கள் வீட்டில் கடுகு, உளுத்தம்பருப்பு, சீரகம், மிளகு, வெந்தயம். பழைய மரப்பெட்டியில் அறை ஐந்துதான். இப்போது கடையில் கிடைக்கும் வட்ட எவர்சில்வர் பெட்டியில் ஏழு கிண்ணம் இருக்கும். மிச்ச இரண்டில் கடலைப்பருப்பும் சோம்பும் போட்டிருக்கிறேன். நீங்கள் தினமும் புளிக்குழம்பு வைக்கிற ஆள் என்றால் வெந்தயத்தைக் கைக்கு அருகில் வையுங்கள். வாரத்துக்கு ஒருநாள்தான் சோம்பு தொடுவீர்கள் என்றால் அதற்கு எதற்கு ஒரு கிண்ணம்?

மிளகாய்த்தூளையும் மல்லித்தூளையும் இதில் வைக்காதீர்கள் என்பேன். நிறையப் பேர் வைக்கிறார்கள், தெரியும். கிண்ணங்களுக்குத் தனித்தனி மூடி கிடையாது, மேலே ஒரே மூடிதான். பெட்டியைக் கொஞ்சம் சாய்த்து எடுத்தால் போதும், சீரகத்துக்குள் மிளகாய்த்தூள். அப்புறம் மோருக்குத் தாளித்தால் மோர் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். மஞ்சள்தூளுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. ஒரு சிட்டிகைக்காகத் தனி டப்பா திறக்க யாருக்கும் பொறுமை இல்லை.

கடுகையும் உளுத்தம்பருப்பையும் ஒரே கிண்ணத்தில் கலந்து வைக்கிற வழக்கமும் உண்டு. அவசரத்துக்கு வசதிதான். ஆனால் எண்ணெய் சரியாகக் காயாத அன்று கடுகு வெடிக்கக் காத்திருப்போம். அதற்குள் உளுந்து கருகிவிடும். நான் பிரித்தே வைக்கிறேன்.

பெட்டியில் இரண்டு வாரத்துக்கு ஆகிற அளவு மட்டும் போடுங்கள். காலியானதும் கழுவித் துடைத்து, ஒரு வேளை முழுக்கக் காயவிட்டு, அதன் பிறகு நிரப்புங்கள். கிண்ணத்தின் அடி விளிம்பில் தண்ணீர் ஒளிந்துகொள்ளும்; கவிழ்த்து வைத்துப் பாருங்கள்.

அடுப்புக்கு மேலேயே அலமாரி இருக்கிறது. அங்கே வைப்பது வசதிதானே?

வசதிதான். மசாலாவுக்கு வீட்டிலேயே மோசமான இடமும் அதுதான். வாசனை என்பது அந்தப் பொருளில் இருக்கிற, காற்றில் பறக்கக்கூடிய எண்ணெய். சூடு பட்டால் டப்பா மூடியிருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்துவிடும். அடுப்புக்கு மேலே சூடு, ஆவி, எண்ணெய்ப் புகை மூன்றும் சேர்ந்து அடிக்கின்றன. ஆறு மாதம் கழித்து அந்த டப்பாக்களின் மூடியைத் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுவென்று விரல் ஒட்டும்.

வெளிச்சமும் எதிரி. ஜன்னலோரம் வரிசையாகக் கண்ணாடிப் பாட்டிலில் மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் என்று வைத்தால் பார்க்க அழகாக இருக்கும். மிளகாயின் சிவப்பும் மஞ்சளின் நிறமும் வெளிச்சத்தில் வெளுக்கிறவை. காரம் அவ்வளவு சீக்கிரம் போகாது, நிறம் போய்விடும். குழம்பு வெளிறிப்போய் இருக்கிறதே என்று இன்னொரு கரண்டி தூள் போடுவோம். நிறம் வராது, காரம் மட்டும் ஏறும்.

அடுப்பிலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரத்தில், ஆனால் ஆவி படாத பக்கத்தில், மேடைக்குக் கீழே ஒரு தட்டு போதும். குனிய முடியாதவர்களுக்கு எதிர்ச் சுவரில் கண் உயரத்துக்கு ஒரு மூடிய அலமாரி.

கொதிக்கிற சாம்பாருக்கு நேர் மேலே டப்பாவைப் பிடித்துத் தட்டுகிறீர்களா? இடத்தை மாற்றியும் தூள் கட்டி தட்டுகிறது என்றால் காரணம் அதுவாகத்தான் இருக்கும். ஒவ்வொரு தட்டலுக்கும் கொஞ்சம் ஆவி உள்ளே போகிறது. ஈரமில்லாத கரண்டியால் ஒரு தட்டில் எடுத்துவந்து போடுங்கள்.

எவர்சில்வரா, கண்ணாடியா, பிளாஸ்டிக்கா?

இருட்டான அலமாரி இருந்தால் கண்ணாடி. இல்லையென்றால் எவர்சில்வர். பிளாஸ்டிக் வாசனையைப் பிடித்துக்கொள்ளும். சோம்பு இருந்த டப்பாவில் ஏலக்காய் போட்டால் பாயசத்தில் சோம்பு வாடை வரும். மஞ்சள்தூள் வைத்த பிளாஸ்டிக் டப்பா ஆயுளுக்கும் மஞ்சள்தான்.

எதுவானாலும் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். சும்மா மேலே உட்காருகிற மூடி போட்ட சம்படம் பருப்புக்குச் சரி, தூளுக்குச் சரிவராது. அந்தக் காலத்து ஹார்லிக்ஸ் கண்ணாடிப் பாட்டிலை நம் அம்மாக்கள் ஏன் தூக்கிப் போடவில்லை என்பது திருகுமூடியைத் திருகிப் பார்த்தால் புரியும். டப்பாவின் அளவும் சரியாக இருக்கட்டும். கால் கிலோ தூளை ஒரு கிலோ டப்பாவில் போட்டால் மிச்ச இடம் முழுக்கக் காற்று.

வருஷத்துக்கு ஒருமுறை வாங்கி அரைத்து வைப்பது நல்லதா?

முழுதாக வாங்கி வைப்பது நல்லது. முழுதையும் ஒரே நாளில் அரைத்து வைப்பதுதான் தப்பு.

மாசி, பங்குனியில் புது வற்றல் சந்தைக்கு வரும், விலையும் கொஞ்சம் இறங்கும், வெயிலும் தயாராக இருக்கும். எங்கள் ஊர்ப் பக்கம் குழம்புக்கு நீட்டு வற்றலும், தாளிக்கக் குண்டு மிளகாயும் வாங்குவார்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு, இந்தக் குண்டு மிளகாய்தான். வாங்கும்போது ஒன்றை உடைத்துப் பாருங்கள். தோல் படக்கென்று உடைய வேண்டும், உள்ளே விதை மஞ்சளாகக் கலகலவென்று இருக்க வேண்டும். ரப்பர் மாதிரி வளைந்தால் ஈரம் இருக்கிறது. எடைக்கு எடை தண்ணீருக்குக் காசு கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். மஞ்சள் என்றால் சமையலுக்கு விரலி மஞ்சள். ஈரோடு மஞ்சளுக்கும் 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உடைத்தால் உள்ளே அடர்ந்த ஆரஞ்சு நிறம் இருப்பது நல்ல மஞ்சள்.

மொட்டை மாடியில் இரண்டு நாள் வெயில் காட்டி, சாயங்காலம் பனி இறங்கும் முன்னே அள்ளிவிடுங்கள். காம்பு கிள்ளாமல் சேமிப்பது நல்லது. காம்பைக் கிள்ளினால் அந்த ஓட்டை வழியாகப் பூச்சியும் ஈரமும் உள்ளே போகும். அரைக்கப் போகிற அன்று கிள்ளினால் போதும்.

இப்போது என் கதை. கல்யாணமான புதிதில், வருஷத்துக்கு ஆகும் என்று நான்கு கிலோ குழம்புத்தூளை மில்லில் ஒரே தடவையாக அரைத்து வந்தேன். தூள் கை பொறுக்காத சூடு. பஸ்ஸில் வந்த களைப்பில், சூட்டோடு சூடாக டப்பாவில் கொட்டி இறுக்கி மூடி வைத்தேன். பத்து நாள் கழித்துத் திறந்தால் மூடியின் உள்பக்கம் முழுக்க நீர்முத்து காய்ந்த தடம், மேலே இரண்டு அங்குலம் கெட்டிப் பாளம், பாளத்துக்கு அடியில் சாம்பல் நிறப் படலம். அத்தனையும் குப்பைக்குப் போனது. ஊரிலிருந்து வந்த அம்மா டப்பாவை முகர்ந்து பார்த்துவிட்டு, “ஆறவிட்டியாடி?” என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் திட்டவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

மில்லிலிருந்து வந்ததும் சுத்தமான வேட்டியில் பரப்பி, மின்விசிறி போடாமல், நிழலில் நன்றாக ஆறவிடுங்கள். செய்தித்தாளில் பரப்ப வேண்டாம். அச்சு மையில் உடம்புக்கு ஆகாத பொருட்கள் இருப்பதால் உணவை அதில் பொட்டலம் கட்டக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016லேயே அறிவுறுத்தியிருக்கிறது. ஆறிய பிறகு சலித்து, கப்பியைத் தனியே எடுத்துவிட்டு டப்பாவில் அமுக்கி நிரப்புங்கள். நான் இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கிலோதான் அரைக்கிறேன். மில்லுக்கு நான்கு நடை ஆகிறது, ஆனால் வருஷக் கடைசியிலும் குழம்பு வாசனையாக இருக்கிறது.

எது எத்தனை நாள் தாங்கும்?

முழுதாக இருக்கிற கடுகு, மிளகு, பட்டை, கிராம்பு எல்லாம் சரியாக வைத்தால் இரண்டு வருஷத்துக்குப் பயமில்லை. சீரகம், சோம்பு, மல்லி விதை ஒரு வருஷம் நன்றாக இருக்கும். அரைத்த தூள் ஆறு மாதம். மல்லித்தூளுக்கும் சீரகத்தூளுக்கும் நான் மூன்று மாதம்தான் கணக்கு வைக்கிறேன். பருப்பு சேர்த்து அரைத்த சாம்பார் பொடி இரண்டு மூன்று மாதம். எள் போட்ட இட்லிப்பொடி வெளியில் ஒரு மாதம். அதற்குள் தீராத வீட்டை நான் பார்த்ததில்லை.

இந்த நாள் கணக்கைவிட மூக்கு நம்பகமானது. உள்ளங்கையில் ஒரு சிட்டிகை போட்டுத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். மல்லித்தூளில் மரத்தூள் வாசனை வந்தால் அதன் வேலை முடிந்தது. மிளகு ஏமாற்றும்: அதன் காரம் பறந்துபோகிற சரக்கு இல்லை என்பதால் நாக்கில் உறைத்துக்கொண்டே இருக்கும், வாசனை எப்போதோ போயிருக்கும். அதனால்தான் மிளகை வேண்டும்போது தட்டிப் போட வேண்டும் என்கிறோம்.

மல்லித்தூளிலும் மிளகாயிலும் சின்னச் சின்ன வண்டு வருகிறதே?

கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாகச் செம்பழுப்பு நிறத்தில், தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு செத்தது போல நடிக்குமே, அதுதானே? பெரும்பாலும் அது உங்கள் வீட்டில் பிறந்ததல்ல, கடையிலிருந்து முட்டையாகவோ புழுவாகவோ வந்தது. பாக்கெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். குண்டூசியால் குத்தியது போல ஓட்டைகள் இருந்தால் வண்டு குடித்தனம் நடத்தி வெளியேறிவிட்டது என்று அர்த்தம். மல்லி, மிளகாய், மஞ்சள், சுக்கு எல்லாமே அதற்கு இஷ்டம். மிளகாயின் காரம் அதை ஒன்றும் செய்யாது. மிளகாய் வற்றலைப் போட்டு வைத்தால் வண்டு வராது என்று நம்புகிறவர்கள் மிளகாய் டப்பாவையே ஒருமுறை கவிழ்த்துப் பார்க்கலாம்.

வண்டு விழுந்த தூளைச் சலித்து உபயோகிக்க வேண்டாம், முட்டையும் எச்சமும் சல்லடையில் நிற்காது. முழு மல்லியில் ஒன்றிரண்டுதான் தெரிகிறது என்றால், புடைத்து எடுத்து, காற்றுப் புகாத பையில் கட்டி, ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாளே போதும், ஆனால் வீட்டு ஃப்ரீசரைத் திறந்து மூடிக்கொண்டே இருப்போம் இல்லையா, அதனால் ஒரு வாரம். வெளியே எடுத்து, பை பழைய சூட்டுக்கு வந்த பிறகு பிரித்து, வெயிலில் காயவைத்து, வறுத்து அரைத்துவிடலாம்.

கடையிலிருந்து வரும் எல்லா முழு மசாலாவையும் முதலிலேயே இப்படி ஒரு வாரம் ஃப்ரீசரில் போட்டுவிட்டு அலமாரிக்கு மாற்றுவது என் வழக்கம். வண்டுத் தொல்லை ஏறக்குறைய நின்றேவிட்டது. அலமாரியின் மூலை, தட்டின் இடுக்கு இங்கெல்லாம் சிந்தின தூளைத் துடைத்தெடுப்பதும் அதே அளவுக்கு முக்கியம். வசம்பு போடலாமா என்று கேட்பார்கள். நெல் மூட்டைக்குப் போடுவது சரி. மல்லித்தூளில் போட்டால் சாம்பாரில் வசம்பு மணக்கும்.

ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

கசகசா, எள், முந்திரி மாதிரி எண்ணெய்ச் சத்துள்ளவற்றைத் தாராளமாக வைக்கலாம். வெளியில் இருந்தால் இரண்டு மூன்று மாதத்தில் காறிப்போகும். அதிகமாக அரைத்துவிட்ட மிளகாய்த்தூளையும் வைக்கலாம். ஆனால் தினமும் எடுத்துத் திறக்கிற டப்பாவை வைக்காதீர்கள். குளிர்ந்த டப்பாவை வெளியே திறந்தால், ஐஸ் தண்ணீர்ச் சொம்புக்கு வெளியே வேர்க்கிற மாதிரி தூளுக்கு உள்ளே வேர்க்கும். மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, இரண்டு மணி நேரம் மூடியபடியே வைத்து, சின்ன டப்பாவுக்கு மாற்றிவிட்டு மறுபடி உள்ளே தள்ளுங்கள்.

மழைக்காலத்தில் எல்லாம் நமத்துப்போகிறது. என்ன செய்வது?

சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் சுவரே வேர்க்கும். அந்த இரண்டு மாதம் டப்பாக்களைச் சின்னதாக்கிக்கொள்ளுங்கள். பெரிய டப்பாவைத் திறக்கவே திறக்காதீர்கள். மழை வருவதற்கு முன், புரட்டாசி வெயிலில் முழு சாமான்களை ஒருமுறை காயவைப்பது நம் வீடுகளில் இருந்த பழக்கம்தான். தூளை வெயிலில் பரப்பாதீர்கள், நிறமும் வாசனையும் போகும். மிளகாய்த்தூளில் பூச்சி வராமல் இருக்கச் சிலர் கல் உப்பு சேர்த்து அரைப்பார்கள். அந்த உப்பை வெறும் சட்டியில் வறுத்து ஈரம் போக்கிவிட்டுச் சேர்க்க வேண்டும்; பச்சை உப்பு மழையில் ஈரத்தை இழுக்கும்.

மிளகாய் வற்றலுக்குள் கறுப்பாகப் பூஞ்சை இருந்தால் வெயிலில் காயவைத்து உபயோகிக்கலாமா?

கூடாது. சில பூஞ்சைகள் விடுகிற நஞ்சு வெயிலுக்கும் சமையல் சூட்டுக்கும் அழியாது. மிளகாயோ ஜாதிக்காயோ மஞ்சளோ, தூக்கிப் போடுங்கள். பூஞ்சை வந்த வற்றலைத்தான் அரைத்தால் தெரியாதே என்று சிலர் தூளாக்குகிறார்கள். நான் வற்றலாக வாங்குவதற்கு அதுவே பெரிய காரணம்.

பெருங்காயத்தின் வாடை எல்லா டப்பாவுக்கும் போகிறது.

போகும், அதன் குணம் அது. இரட்டைக் காவல் போடுங்கள்: சின்ன டப்பாவில் போட்டு, அந்த டப்பாவை இன்னொரு இறுக்கமான டப்பாவுக்குள் வையுங்கள். ஏலக்காய், டீத்தூள் பக்கமே விடாதீர்கள்.

நாம் வாங்குவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அதாவது பிசினும் மாவும் சேர்த்துப் பக்குவப்படுத்தியது. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் வீட்டில் இருந்தால், சேர்த்திருப்பது மைதாவா அரிசி மாவா என்று லேபிளில் பார்த்து வாங்குங்கள். அசல் பால் ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான் பக்கமிருந்து வருகிறது. இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் பெருங்காயச் செடியை நட்டதே 2020இல்தான். கட்டிப் பெருங்காயம் நாளாக நாளாகக் கல்லாகிவிடும். வாங்கிய அன்றே, இளகலாக இருக்கும்போது மிளகளவு பிய்த்து உருட்டி, கொஞ்சம் அரிசி மாவில் புரட்டி வைத்துவிட்டால் பிறகு சுத்தியலைத் தேட வேண்டாம்.

உப்பும் புளியும்?

பீங்கான் ஜாடி. உப்பு எவர்சில்வரையும் அரிக்கும். அடியில் பொட்டுப் பொட்டாகத் துரு தெரியும். எடுக்க மரக்கரண்டி அல்லது சிரட்டைக் கரண்டி. புளியைக் கொட்டை, நார் எடுத்து, காயவைத்து, அடுக்குக்கு ஒரு கை கல் உப்பு தூவி அமுக்கி வைத்தால் வருஷம் தாண்டும். நிறம் கறுக்கும், கெடவில்லை. பழம்புளிதான் வற்றல் குழம்புக்கு ருசி.

பட்டை, கிராம்பு, ஏலக்காய், கல்பாசி எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போடலாமா?

பிரியாணிக்கு என்று மாதம் ஒருமுறை எடுக்கிற பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு, பிரிஞ்சி இலை ஒன்றாக இருக்கலாம், எப்படியும் சட்டியில் ஒன்றாகத்தான் போகின்றன. ஏலக்காய் தனியே இருக்கட்டும், அது பாயசத்துக்கும் டீக்கும் போகிறது. தோலோடு வையுங்கள், உரித்த ஏலரிசி சில வாரத்திலேயே மணம் இழக்கும். கல்பாசியை மூச்சு பட்டாலே உதிரும் காகிதம் மாதிரி நினைத்துத் தனிச் சிமிழில் போடுங்கள்.

லேபிள் ஒட்ட வேண்டுமா? எனக்குப் பார்த்தாலே தெரியுமே.

உங்களுக்குத் தெரியும். ஊருக்குப் போனால் வீட்டுக்காரர் ரசத்தில் கரம் மசாலா போடுவார். பேரைவிட முக்கியம், அரைத்த மாதம். மூடியில் எழுதாதீர்கள், கழுவும்போது மூடிகள் மாறிவிடும். டப்பாவின் உடம்பில் ஒரு துண்டு டேப் ஒட்டி, பேனாவால் “மல்லி, ஆடி” என்று எழுதினால் போதும்.

பழைய தூளின் மேலே புதுசைக் கொட்டாதீர்கள். அடியில் கிடப்பது எந்த வருஷத்தது என்று யாருக்கும் தெரியாமலே போகும்.

வாடகை வீடு, அலமாரியே இல்லை. எங்கே வைப்பது?

மூடியுள்ள ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கோ கூடையோ எடுத்து, தினமும் வேண்டிய ஆறு டப்பாவை அதில் வையுங்கள். சமைக்கும்போது மேடைக்கு வரும், முடிந்ததும் கீழே போகும். மிச்சம் பரணுக்கு. அஸ்பெஸ்டாஸ் கூரை வீடானால் பரண் வேண்டாம், கோடையில் அது அடுப்பைவிட மோசம். அதற்குக் கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டியில் வைப்பது எவ்வளவோ மேல். புது வீட்டில் மாடுலர் கிச்சன் போடுகிறவர்கள், அடுப்பை ஒட்டி மசாலாவுக்கென்று குறுகலான இழுப்பறை வைத்துத் தருவார்கள். அதை எண்ணெய்ப் பாட்டிலுக்கு விட்டுவிட்டு, மசாலாவுக்கு இரண்டடி தள்ளிக் கேளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்குப் பொடி கொடுத்துவிட எப்படிக் கட்டுவது?

அரைத்து, இரண்டு நாள் ஆறவிட்டு, கால் கிலோவாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இரண்டு உறையில் போட்டு ஒட்டுங்கள். ஒரே பெரிய பையாகக் கட்டினால் அங்கே போய்த் திறந்த நாளிலிருந்து வாசனை போக ஆரம்பிக்கும். பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைக்காதீர்கள். சட்டை எல்லாம் சாம்பார் மணக்கும் என்று பிள்ளை போனில் கத்துவான்.

கசகசா மட்டும் வேண்டாம். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அது தடைசெய்யப்பட்ட பொருள், விமான நிலையத்தில் பெரிய சிக்கலாகும். குருமாப் பொடியில் கலந்து அரைத்திருந்தாலும் அதே கதைதான். குருமாவுக்குக் கெட்டித்தன்மை வேண்டும் என்றால் முந்திரியும் பொட்டுக்கடலையும் வைத்து அரைத்துக் கொடுங்கள்.